சிலிபின் வீட்டு நோட்டீஸ்

'காற்றோட்டமான' என்ற சொல்லைத்தான் நல்லம்மாள் முதலில் எடுக்கச் சொன்னாள்.

அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோர்க்கும் சீனி அவளைப் பார்த்தான். பிறகு அவளுக்குப் பின்னால் நின்ற மூத்தாரைப் பார்த்தான். செத்துப்போன கணவனின் அண்ணன். நோட்டீஸை எழுதிக்கொண்டு வந்தவர் அவர்தான். வீடு மட்டும் அவள் பேரில் இருந்தது.

மூத்தார் எடு என்று கையை ஆட்டினார், ஈயை விரட்டுகிற மாதிரி.

சீனி இடுக்கியால் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தட்டில் போட்டான்.

நோட்டீஸ் சின்னதுதான். ஈப்போவை அடுத்த சிலிபினில் தங்குவதற்கு அறைகள். தோட்டங்களிலிருந்து ஈப்போ ஆஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்கும் வருகிறவர்கள், பினாங்கில் கப்பலேறப் போகிறவர்கள், இரண்டு நாள் மூன்று நாள் தலைசாய்க்க இடம் தேடுகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் வருவார்கள். தெற்கே சுங்காய் வரைக்கும் தோட்டத்துக் கங்காணிகள் கையில் கொடுத்தனுப்புவது வழக்கம். முன்பு அடித்ததெல்லாம் தீர்ந்துவிட்டது.

அவளுக்கு எழுத்து தெரியாது. சீனி ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்ட வேண்டியிருந்தது. ஒவ்வொரு வரியிலும் அவள் கை வைத்தாள்.

ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிஷ நடை என்று இருந்தது. அரைமணி ஆகும், மூட்டையோடு வந்தால் அதற்கும் மேலே ஆகும் என்று போடச் சொன்னாள்.

ஐந்து அறைகள் என்று இருந்தது. அறை மூன்றுதான், மற்ற இரண்டும் சாக்குத் தடுப்பு என்றாள்.

சுத்தமான கிணற்றுத் தண்ணீர் என்று இருந்தது. போன வருஷம் வெள்ளம் வந்து வடிந்த பிறகு கிணறு செம்மண்ணாகத்தான் ஊறுகிறது. குளிக்கலாம், குடிக்க ஆகாது. அதையும் போடச் சொன்னாள். மழை பெய்தால் இரண்டாவது அறையில் கட்டிலை நகர்த்திப் போட வேண்டும். மூட்டைப்பூச்சி உண்டு.



கல்யாணப் பத்திரிகை வாங்க வந்து பெஞ்சில் காத்திருந்த இரண்டு கங்காணிகளும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். அவர்களிடம் திரும்பி, தம்பி போன நாளிலிருந்து இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றார் மூத்தார். வீட்டை இழுத்து மூடித் தன்னைத் தெருவில் நிறுத்தப் பார்க்கிறாள் என்றார். தெருவுக்கே கேட்கிற குரலில் சொன்னார். கங்காணிகள் தலையை ஆட்டினார்கள். பெரியவர்தானே சொல்கிறார்.

நல்லம்மாள் அடுத்த வரியைப் படிக்கச் சொன்னாள்.

"இப்படி எழுதினா எவ வருவா?" என்றார் மூத்தார்.

எவன் என்று கேட்கவில்லை. எவ என்றார்.

கடைக்குள் நுழைந்ததிலிருந்து நல்லம்மாள் அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அவர்தான் முதலில் பார்வையை நகர்த்தினார்.

பிறகு அவள் சீனியிடம் சொன்னாள். "கடைசி அறைக்கு உள்தாப்பா கிடையாதுன்னு போடுங்க. மூணு தடவ ஆசாரிய வச்சு அடிச்சேன், மூணு தடவையும் கழட்டியாச்சுன்னு போடுங்க."

சீனியின் இடுக்கி அப்படியே நின்றது.

போன மாதம் வந்த பெண்ணைப் பற்றி அவள் யாரிடமும் சொன்னதில்லை. சுங்காய்ப் பக்கத்துத் தோட்டம். புருஷன் ஆஸ்பத்திரியில் கிடந்தான். துணைக்கு ஆள் இல்லை. நோட்டீஸை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்திருந்தாள். கடைசி அறையைத்தான் கொடுத்தார்கள். மூன்றாவது தாழ்ப்பாள் அப்போது இருக்கிறது என்றே நல்லம்மாள் நம்பியிருந்தாள்.

விடிந்து பார்த்தபோது கட்டில் காலி. மூட்டை மட்டும் கிடந்தது.

மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினாள். பிளாட்பாரத்துக் கோடியில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். முந்தானையைத் தோளைச் சுற்றி இறுக்கிப் பிடித்திருந்தாள். உள்ளே ரவிக்கை கிழிந்திருந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு வந்தது யார் என்று நல்லம்மாள் கேட்கவில்லை. அன்றைக்கு ராத்திரி அந்த வீட்டில் ஆம்பளை என்று இருந்தது ஒருத்தர்தான். போலீசுக்குப் போகலாமா என்று மட்டும் கேட்டாள். புருஷனுக்குத் தெரிந்தால் உயிரோடு விடமாட்டான் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள் அந்தப் பெண்.

ரயில் வந்ததும் இடுப்பிலிருந்த நோட்டீஸை எடுத்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"தாப்பா இல்லேன்னு இதுல போட்டிருந்தா நான் வந்திருக்க மாட்டேனேக்கா."

அச்சுக்கூடத்தில் கங்காணிகளில் வயதானவர் பெஞ்சிலிருந்து மெல்ல எழுந்தார். அவருக்குத் தெரிந்த எத்தனையோ பேருக்கு அவர் கையாலேயே பழைய நோட்டீஸைக் கொடுத்திருந்தார்.

சீனி குரலைத் தாழ்த்தினான். யார் கழற்றியது என்றும் போட வேண்டுமா என்று கேட்டான்.

"நல்லம்மா" என்றார் மூத்தார். அதட்டல் இல்லை. முதல் முறையாக அவர் குரல் கெஞ்சியது.

அந்த வீட்டுக்கு வாழ வந்து பதினோரு வருஷம். மூத்தார் பேரைச் சொல்வது முறையில்லை என்று ஒரு தடவைகூட அவள் வாயில் அது வந்ததில்லை. கோயில் அர்ச்சனைக்கு, கடிதம் எழுத, புருஷன் சாவுக்குச் சொல்லியனுப்ப, எல்லாவற்றுக்கும் வேறு யாரையாவது விட்டுத்தான் சொல்ல வைத்திருக்கிறாள்.

"பிச்சைமுத்து" என்றாள் நல்லம்மாள்.

சீனி தலைப்புக்கு எடுக்கும் பெரிய எழுத்துப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தான்.