ஒத்துக்கொள்ளும் கார்

கேட்டுக்குள் நின்ற காரின் வலது கதவைத் திறந்து உட்கார்ந்த பிறகுதான் நடராஜ் பார்த்தான். முன்னால் ஸ்டியரிங் இல்லை. அது இடது பக்கம் இருந்தது. துபாயிலிருந்து கப்பலில் வந்த பழைய ஜப்பான் கார்.

நகர்ந்து உட்கார்ந்தான். சாவி அதிலேயே தொங்கியது. பகல் இரண்டு மணி. ஆழ்வார்குறிச்சித் தெருவில் நாய்கூட இல்லை. நாங்குநேரியில் காரை வாங்குகிற ஆள் ஐந்து மணி வரை காத்திருப்பான்.

சாவியைத் திருகினான். எஞ்சின் இருமியது. நின்றது. மறுபடி திருகினான். மறுபடி இருமியது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஆரஞ்சு நிறத்தில் ஒரு விளக்கு எரிந்தது. அம்பாசிடரில் அப்படி ஒரு விளக்கை அவன் பார்த்ததில்லை.

"மூணு வாரமா அது அப்படித்தான் எரியுது" என்றது ஒரு குரல்.

ஜன்னலருகே ஒருவர் நின்றிருந்தார். வேட்டி, மூக்குக்கண்ணாடி, கையில் தடித்த புத்தகம். வாசல் பலகையில் பெயர் இருந்த பேராசிரியர் குமரகுருபரன் இவராகத்தான் இருக்க வேண்டும்.

நடராஜ் இரண்டு தடவை ஜெயிலுக்குப் போனவன். மூன்றாவது தடவை போனால் வீட்டுக்கு வர வேண்டாம் என்று மனைவி சொல்லியிருந்தாள். கதவுப் பிடியைத் தொட்டான். ஓடிவிடலாம்.

"அம்பாசமுத்திரத்துல இருந்து வந்த மெக்கானிக்தான நீரு?"

நடராஜின் கை பிடியிலேயே நின்றது.

"ஆமா அண்ணாச்சி."

"வந்ததும் ஒரு சத்தம் குடுத்திருக்கலாம்லா. சரி, எறங்கும்வே. பானெட்டைத் தொறப்போம்."

குமரகுருபரன் புத்தகத்தைப் பிரித்தார். காரோடு வந்த புத்தகம். எஞ்சின் ஓரமாக ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதன் மூடியைத் திறந்து, இரண்டு துளைகளைக் கம்பியால் இணைத்தால், அந்த ஆரஞ்சு விளக்கு மின்னி மின்னிக் கோளாறைச் சொல்லும். ஒவ்வொரு கோளாறுக்கும் ஒரு எண். வாசித்துக் காட்டினார்.

"கம்பி வச்சிருக்கீராவே?"

நடராஜ் இடுப்பிலிருந்து ஒரு கம்பியை எடுத்தான். நுனி வளைந்தது. பல பூட்டுகளைப் பார்த்தது.

"தொழில்காரன்னா இப்படில்லா இருக்கணும்" என்றார் குமரகுருபரன்.

கம்பி துளைகளில் சரியாக உட்கார்ந்தது. குமரகுருபரன் சாவியைப் பாதி மட்டும் திருப்பினார். இருவரும் தலையை உள்ளே நீட்டிக்கொண்டு பார்த்தார்கள்.

விளக்கு இரண்டு முறை மின்னியது. கொஞ்சம் நின்றது. மறுபடி இரண்டு முறை மின்னியது.

"நாலா அண்ணாச்சி?"

"இல்லவே. நடுவுல நிக்குதுல்லா. மொத ரெண்டு இருபது. பொறவு ரெண்டு. இருபத்திரெண்டு."

மூன்று முறை எண்ணினார்கள். மூன்று முறையும் இருபத்திரெண்டுதான்.

"அடிக்காமலே உள்ளதை ஒத்துக்கிடுதே!" என்றான் நடராஜ். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

குமரகுருபரன் தலை நிமிரவில்லை. பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

அவர் மனைவி சித்ரலேகா வாசலுக்கு வந்தாள். நடராஜைப் பார்த்தாள்.

"இந்த வேகாத வெயில்ல வந்திருக்காரு. எலை போடட்டுமா? சொதி இருக்கு. இஞ்சிப் பச்சடியும் இருக்கு."

"வேண்டாம்மா."

நடராஜ் காலையில் இரண்டு இட்லி தின்றதோடு சரி. ஆனாலும் களவாடும் வீட்டில் கை நனைக்கக் கூடாது. அவன் தொழிலில் எல்லோருக்கும் உள்ள கட்டுப்பாடு அது.

"அவருதான் வேண்டாங்காருல்லா, விடுட்டீ" என்றார் குமரகுருபரன்.

அவள் உள்ளே போய் ஒரு செம்பு மோருடன் திரும்பி வந்தாள். நடராஜ் மறுக்க வாயைத் திறப்பதற்குள் குமரகுருபரன் செம்பைப் பிடுங்கினார். அண்ணாந்து, கடைசிச் சொட்டுவரை தானே குடித்தார்.

"வேலை நேரத்துல ஆளுக்கு ஒண்ணும் குடுக்காத" என்றார், மீசையைத் துடைத்தபடி.

இப்படி ஒரு கஞ்சனை நடராஜ் கண்டதில்லை. மனதில் கொஞ்சம் உறுத்தல் இருந்தது. அதுவும் போயிற்று.

இருபத்திரெண்டு என்றால் எஞ்சின் சூட்டைச் சொல்லும் ஒயர். எலி கடித்து அறுந்து கிடந்தது. நடராஜ் அதை முறுக்கினான். குமரகுருபரன் ஓடிப் போய் டேப் எடுத்து வந்தார். ஒட்டினார்கள்.

ஒரே திருகில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஆரஞ்சு விளக்கு அணைந்தது.

"ஒரு நடை ஓட்டிப் பாத்துட்டு வந்துரட்டுமா அண்ணாச்சி?"

"தாராளமா ஓட்டும். நேத்துதான் டாங்கு நெறயப் பெட்ரோல் போட்டேன்."

"நீங்களும் வாரீயளா?"

"நான் எதுக்குவே? முக்கூடல் ரோட்டுல போவும். அங்கனதான் நல்லா மிதிக்கலாம்."

கேட்டை அவரே அகலத் திறந்துவிட்டார். கார் தெருமுனையில் திரும்பி மறையும்வரை கையசைத்துக்கொண்டு நின்றார்.

சித்ரலேகா காலிச் செம்பை எடுத்தாள்.

"கள்ளன்னா தொண்டை காயாதா? ஒரு வாய் மோர் குடிக்க விடலியே நீங்க."

குமரகுருபரன் கேட்டைச் சாத்தினார்.

"இன்சூரன்ஸ் முடிய இன்னும் நாலே நாளுதான் கெடக்கு. அதுக்குள்ள களவு போனாத்தான துட்டு வரும். போன மாசம் வந்த கள்ளனுக்கும் நீ இப்படித்தான் இரக்கப்பட்டு எலை போட்டே" என்றார். தலையில் அடித்துக்கொண்டு மேலும் சொன்னார்:

"தின்ன வீட்டுல களவாண்டுட்டோமேன்னு, தென்காசி வரைக்கும் போனவன் வண்டியைத் திருப்பிக் கொண்டாந்து, கழுவியும் விட்டுட்டுல்லா போனான்!"