ஸ்டீயரிங் சத்தம்

"பாருங்கக்கா, இன்னைக்கு எழுபது டெசிபலைத் தாண்டிடுச்சு. நேத்துகூட இவ்வளவு இல்லை."

கீழ்வீட்டு நர்ஸ் கைப்பேசியை நீட்டினாள். சத்தத்தை அளக்கும் செயலியின் முள் துடித்துக்கொண்டிருந்தது. மூடியிருந்த அறையிலிருந்து கடகடவென்று சத்தம். தகர டப்பாவில் கூழாங்கற்களைப் போட்டு யாரோ விடாமல் குலுக்குவதுபோல.

"ராத்திரி முழுக்க வார்டுல நின்னுட்டு வந்து பகல்லதான் கண்ணை மூடுறேன். தலைக்கு மேல லாரி ஓடுது. உங்க அண்ணனுக்கு லீவே கிடையாதா?"

"கோச்சுக்காதேம்மா. அதுக்குத்தானே கடைக்காரரை வரச் சொன்னேன்" என்றாள் தங்கை. பேசும்போதும் அவளுடைய காது அந்த அறைப் பக்கமே இருந்தது.

கடைக்காரர் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்து, இரண்டு ஸ்டீயரிங்குகளை விளிம்பில் பொருத்திக்கொண்டிருந்தார். இரண்டும் கார் பந்தய விளையாட்டுக்கானவை.

"இது உங்க அண்ணன்கிட்ட இருக்கிற அதே மாடல். உள்ள பல்சக்கரம். நிஜ ரோடு எப்படி ஸ்டீயரிங்கை இழுக்குமோ, அப்படியே மோட்டார் இழுக்கும். அப்ப பல்லோட பல்லு இடிச்சுக் கடகடங்கும். அந்தப் பக்கம் இருக்கிறது பெல்ட்ல ஓடுறது. பூனை நடக்கிற மாதிரி போகும்."

"அந்தப் பூனையையே மாட்டிடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றாள் நர்ஸ்.

"சத்தமே வராதா?" தங்கை கேட்டாள்.

"இந்த ரூம்ல நின்னா துளிகூடக் கேக்காது."

"அப்ப எனக்கு வேண்டாம்."

நர்ஸ் இடுப்பில் கை வைத்தாள். "இது என்னக்கா கூத்து? சத்தம் நிக்கலைன்னா வீட்டைக் காலி பண்ணுங்கன்னு ஓனர் சொல்லிட்டார்ல?"

தங்கை நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். குரல் இறங்கியது.

"அண்ணனுக்குச் சர்க்கரை. இன்சுலின் போட்டுக்கிறார். சில நேரம் திடீர்னு இறங்கிடும். லாரி ஓட்டும்போதே ஒரு தடவை மயங்கிட்டார். வண்டி ஒரு கடைக்குள்ள புகுந்துதான் நின்னுச்சு. நல்லவேளை, உள்ள யாரும் இல்லை. லைசென்ஸைப் பிடுங்கிட்டாங்க. அப்புறம் சுவரையே வெறிச்சுப் பாத்துட்டு உக்காந்திருந்தார். இதை வாங்கினப்புறம்தான் மறுபடியும் மனுஷனா ஆனார்."

"பக்கத்துலயே உக்காந்துக்க வேண்டியதுதானே?" என்றார் கடைக்காரர்.

"எனக்குக் காவல் காக்குறியான்னு கத்துவார். பந்தயத்துக்கு நடுவுல கதவைத் திறந்தா அன்னைக்கு முழுக்கப் பேச்சு கிடையாது. எனக்கும் தையல் வேலை கிடக்கு. அதனால கை இங்க, காது அங்க. சத்தம் வந்தா முழிச்சிருக்கார்னு அர்த்தம். நின்னா ஓடுவேன். சர்க்கரையை ஏத்துற ஊசி ஃபிரிட்ஜ்ல தயாரா இருக்கு. உடனே போட்டாகணும், தாமதமானா ஆள் தங்காதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

நர்ஸின் முகம் இளகியது. "இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? நான்பாட்டுக்கு வாய்க்கு வந்தபடி கத்திட்டுப் போயிருக்கேன்."

தங்கை கதவருகே போய், "அண்ணே, டீ போடட்டா?" என்று குரல் கொடுத்தாள். உள்ளே சத்தம் மட்டும் தொடர்ந்தது.

"காதுல ஹெட்போன். கூரையே இடிஞ்சாலும் தெரியாது" என்று திரும்பி வந்தாள். "இன்னைக்கு ரொம்ப சந்தோஷமா இருக்கார்போல. மத்த நாள்ல வளைவுக்கு வளைவுதான் கடகடங்கும். இன்னைக்கு நிறுத்தாம ஓட்டுறார்."

அவள் குரலில் சின்னப் பெருமை இருந்தது.

"மேசையோட பிடிக்கிற கிளாம்ப் தளர்ந்திருக்கும். அதான் இவ்வளவு சத்தம்" என்றார் கடைக்காரர். "அடியில ரப்பர் வெச்சு இறுக்கிட்டா சத்தம் கீழ்வீட்டுக்குப் போகாது, இங்க உங்களுக்கும் கேக்கும். பந்தயம் முடியட்டும், உள்ள போய்ப் பாக்குறேன். அதுவரைக்கும் இந்தப் பல்சக்கரத்தை நீங்களே ஓட்டுங்க. சரியா மாட்டினா எவ்வளவு சத்தம் வரும்னு இவங்க அளந்துக்கட்டும்."

தங்கை கூச்சத்தோடு உட்கார்ந்தாள். கால் பெடலை மிதித்ததும் திரையில் கார் கிளம்பியது. வளைவுகளில் மட்டும் ஸ்டீயரிங் லேசாக முனகியது.

"அட, இவ்வளவுதானா! இதுக்கு நான் குறட்டையே விடுவேன்" என்றாள் நர்ஸ். "அக்கா, பேசாம அண்ணனோட லைசென்ஸை உங்க பேர்ல மாத்திக்கலாம்."

தங்கை சிரித்துவிட்டாள். சிரித்தபடியே, அவிழ்ந்து விழுந்த கொண்டையைச் சேர்த்துக் கட்ட இரண்டு கைகளையும் தலைக்குத் தூக்கினாள். கால் மட்டும் பெடலிலேயே இருந்தது.

ஸ்டீயரிங் தானாகவே இடமும் வலமுமாக உதறத் தொடங்கியது. கடகடகடவென்று, இடைவெளியே இல்லாமல். மேசை அதிர்ந்தது. அவள் பதறி எழுந்தாள்.

"பயப்படாதீங்கம்மா" என்று சிரித்தார் கடைக்காரர். "பிடிக்கக் கை இல்லைன்னா இது இப்படித்தான் கிடந்து உதறும்."

அவர் மின்சாரத்தை நிறுத்தினார். மேசையில் இருந்த ஸ்டீயரிங் அடங்கிய பிறகும், அதே சத்தம், இம்மியும் மாறாமல், மூடிய அறைக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது.