இன்னும் சுணக்கு

"பொறுங்க. மீன் இன்னும் வாய் திறக்கல்ல."

துடுப்பின் அலகை வாவி நீரில் ஆழ்த்தி, அதன் பிடியைச் செவியோடு பொருத்திக் கண்மூடி நின்றான் சீட்டு வித்தைக்காரன் நல்லரத்தினம். கல்லடித் தோணித்துறையின் மரமேடையில் நெருங்கி நின்ற அறுபது பேரும் மூச்சை அடக்கினர்.

அவர்கள் நடுவே ஊர் நிலக்கிழார் கனகசிங்கப் போடியார், தாம் உருவிய சீட்டை மார்போடு அணைத்திருந்தார். ஊராருக்கெல்லாம் அதைக் காட்டியாயிற்று. முதுகு திருப்பி நின்ற வித்தைக்காரன் ஒருவனே அதனைக் கண்டிலன்.

"மீன் பாடுறதைக் கேட்டிருக்கன். கடதாசி வாசிக்கிற மீனை இண்டைக்குத்தான் கேள்விப்படுறன்" என்றார் போடியார். "சரியாச் சொன்னா என்ட மகள்ற கலியாணத்தில மூணு நாளும் உன்ட வித்தைதான். பிழைச்சியோ, கடதாசிக் கட்டை இந்தத் தண்ணியில எறிஞ்சிட்டுப் போ. மறுகா இந்தப் பக்கம் தலை காட்டப்படாது."

"ஓம் போடியார். ஆனாச் சத்தம் மட்டும் கூடாது. ஒரு ஆள் இருமினாலும் மீன் ஓடிரும்."

அமைதி அவனுக்கு உண்மையாகவே வேண்டியிருந்தது. மேடையை ஒட்டிக் கட்டிய தோணியில், வேடிக்கை பார்ப்பவன்போல் நின்ற ஆதம்பாவா அவனுடைய கூட்டாளி. அவன் குதிகாலால் தோணியின் அடிப்பலகையில் மெல்லத் தட்டுவான். மேலே எவர்க்கும் கேளாத அவ்வொலி, நீர்வழியே துடுப்பிலேறி நல்லரத்தினத்தின் செவியை அடையும்.

மேடையின் மறுபுறத்தில் வேறொரு தோணியும் கிடந்தது. அதில் ஆளில்லை; நீருள் இறங்கிய வலைக்கயிறு மட்டும் இறுகியிருந்தது.

ஆதம்பாவா முதலில் தட்டுவது சீட்டின் எண். அடுத்து அதன் இனம். அதற்குப் பின்னும் விடாது தட்டினால், 'கூட்டம் இன்னும் கனியவில்லை, தாமதி, இன்னும் சுணக்கு' என்பது பொருள். தட்டு நின்றதும் சீட்டைச் சொல்லிவிடலாம்.

ஒன்பது தட்டுகள் கேட்டன. சிறிது இடைவெளி. பின்னர் மூன்று, அதாவது மூவிலைக் கறுப்பு இனம். கலாவரை ஒன்பது.

அவன் வாய் திறக்குமுன் கூட்டத்தின் பின்புறம் சலசலப்பு எழுந்தது. கையில் ஓர் ஆண்சட்டையோடு சித்தி நபீஸா என்ற பெண் ஆட்களை விலக்கிக்கொண்டு வந்தாள். "எங்கட இவரு இஞ்ச நிண்டு கடதாசி வித்தை பாக்காரா?"

"உஷ்! உன்ட மாப்புள எங்கயும் ஓடிப்போக மாட்டான் புள்ள. வாயப் பொத்து, மீன் ஓடிரும்" என்று ஒருவர் அதட்டினார். சிலர் வாய்க்குள் நகைத்தனர். அவள் முக்காட்டைப் பல்லாற் கவ்விக்கொண்டு, ஓசையின்றி ஒவ்வொரு முகமாய்த் தேடலானாள்.

அப்பொழுது துடுப்பில் மறுபடியும் தட்டு எழுந்தது. விரைவாக, விடாமல்.

ஆதம்பாவா இன்று கூட்டத்தை நன்றாய் அளந்துவிட்டான் என்று நல்லரத்தினம் மகிழ்ந்தான். "கறுப்பு" என்று மட்டும் சொல்லி நிறுத்தினான். போடியாரின் விரல்கள் சீட்டின்மேல் இறுகின.

தட்டு நிற்கவில்லை.

"மீன் இண்டைக்கு என்னமோ பதறுது" என்றான் தாழ்ந்த குரலில். ஒரு தாய் தன் குழந்தையின் வாயைக் கையால் மூடினாள். வாவியின்மேல் வெயில் மங்கிற்று.

மெல்ல மெல்லத் தட்டுத் தளர்ந்தது. ஒன்று. நெடுநேரங் கழித்து இன்னொன்று. பிறகு எதுவுமே இல்லை.

"கலாவரை ஒன்பது!"

போடியார் சீட்டைத் திருப்பினார். துறையே அதிர்ந்தது. அவர் தம் சால்வையை எடுத்து அவன் தோளிற் போர்த்தி, "சுணக்கிச் சுணக்கியே உசிரை எடுத்திட்டியேடா!" என்று வாய்விட்டுச் சிரித்தார்.

கூட்டம் கலையத் தொடங்கியதும் நல்லரத்தினம் தோணியருகே குனிந்தான். "என்ன மச்சான், இண்டைக்கு அப்பிடி விடாமத் தட்டினாய்? நானே பயந்திட்டன்."

ஆதம்பாவா அவனை விழித்துப் பார்த்தான். "ஆரு, நானா? மூணு தட்டினதோட காலை எடுத்திட்டனே. நீ ஏன் இவ்வளவு நேரம் சுணக்கிற எண்டுதான் பாத்துக்கிட்டு நிண்டன்."

நல்லரத்தினத்தின் தோளிலிருந்து சால்வை நழுவிற்று.

மேடையில் சித்தி நபீஸா மட்டும் எஞ்சியிருந்தாள். சட்டையை மார்போடு அணைத்தபடி அவள் இருவரையும் நோக்கி வந்தாள். இப்பொழுது அவளை அதட்டுவதற்கு எவரும் இல்லை.

"மேடைத் தூண்ல சிக்கின வலையை எடுக்க முக்குளிச்சவரு, இந்தப் பக்கத்தாலயா ஏறினவரு?"