கட்டைவிரலை மதிக்காத திரை

கட்டி முடியாத வீட்டில், சன்னல் இன்னும் வைக்காத அறைக்குள் மதிய வெயில் சதுரமாக விழுந்து கிடக்கிறது. சிமென்ட் மூட்டைமேல் குந்தியிருக்கிறான் டைல்ஸ் ஒட்டுகிற கொத்தனார். அவன் கைபேசியில், டைல்ஸ் அறுக்கும் பழைய மெஷின் ஒன்று ஏலத்தில் ஓடுகிறது. அது கிடைத்துவிட்டால் மேஸ்திரியிடம் பல்லிளித்து இரவல் கேட்கும் பிழைப்பு தீரும். சொந்தமாக வேலை பிடிக்கலாம். போன ஏலங்களில் எல்லாம் கடைசி நொடியில் எவனோ கூட்டிக் கேட்டுத் தட்டிக்கொண்டு போனான். பதிலுக்கு இவன் அழுத்தினால், சிமென்ட் தின்று தேய்ந்த கட்டைவிரலைத் திரை மனுசன் விரலாகவே மதிக்கவில்லை. இன்றைக்கும் அதே கூத்து. எவனோ ஏற்றிவிட்டான். இவன் குத்துகிறான், சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி குத்துகிறான். "இங்க குடுங்க, நான் அமுக்குறேன்!" கலவை குழைத்த கையோடு ஓடிவருகிறாள் மனைவி. "உன் கை மட்டும் பூவா?" என்றவன் சட்டென்று குனிந்து, மூக்கு நுனியால் ஓர் அழுத்து அழுத்துகிறான். திரை பச்சையாகிறது. ஏலம் முடிந்தது, மெஷின் அவனுக்கு. பூச்சுக் கரண்டியால் கலவைச் சட்டியைத் தட்டித் தட்டிச் சிரிக்கிறாள் அவள். "எவனோ இப்ப தலையில கைய வச்சு உக்காந்திருப்பான்!" திரையில் வியர்வையாய் மூக்கின் தடம். அவள் துண்டை எடுக்க, கைபேசியை நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறான். "தொடைக்காத. மேஸ்திரி வரட்டும், அவரும் ஒரு தடவ பாக்கட்டும்."