அடுத்த மாசம் வரும் சாமான்

“பெட்டரி பத்து மணித்தியாலம் நிக்குமா நானா? கேம் விளையாடினாலும் நிக்குமா?”

பலீலுக்கு நன்றாகத் தெரிந்த குரல். மாத்தளை டவுனில் அந்தக் கொம்பியூட்டர் கடை வாசலைத் தாண்டிப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே அவருடைய வருங்கால மருமகன் ஷிஹாம், கையில் ஒரு துண்டுக் காகிதத்தோடு கடைக்கார நானாவைக் குடைந்துகொண்டிருந்தான்.

“புது ப்ரொசஸரோட வாற லெப்டொப்னா நிக்கும்னு சொல்றாங்க தம்பி. ஆனா வந்தாத்தானே! சித்திரைக்கு வரும்னாங்க, பெருநாளுக்கு வரும்னாங்க, இப்ப அடுத்த மாசம்ங்கிறாங்க. பேசாம இருக்கிறதுல ஒன்ன எடுத்துட்டுப் போங்களேன்.”

ஷிஹாம் காகிதத்தை ஒருமுறை பார்த்தான். “இல்ல நானா, பழசு சரிவராதாம். கேம் போட்டா ரெண்டு மணித்தியாலத்துல பெட்டரி படுத்துருமாம்.”

பலீலுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு வந்தது. சித்திரை லீவுக்கு வைத்த நிக்காஹ் பெருநாளுக்குத் தள்ளிப்போனது. பெருநாளுக்கு வைத்தது இந்த மாதத்துக்குத் தள்ளிப்போனது. ‘ஒரு சாமான் வரணும் மாமா’ என்று மருமகன் இழுத்தடித்த சாமான் இதுதானா? தம்புள்ளையில் லொறி லொறியாக மரக்கறி ஏற்றி அனுப்பும் முப்பது வயது மனுஷன், ஒரு விளையாட்டுச் சாமானுக்காகக் கல்யாணத்தைக் காக்க வைக்கிறான்!

“மருமகன்!”

ஷிஹாம் திடுக்கிட்டுக் காகிதத்தைச் சட்டைப் பைக்குள் செருகினான். “மாமா... நீங்க எங்க இங்க?”

“கல்யாணப் பதிவுகாரர்ட்ட போயிட்டு வாறேன். கடுதாசில எல்லாம் நிரப்பியாச்சு, மஹர் மட்டும் எழுதலையாம். பொண்ணு கேக்கிறத மாப்பிள்ளை குடுக்கணும், அதுதானே முறை? என்ன குடுக்கப் போறார்னு அந்த மனுஷன் கேட்டா நான் முழிச்சுக்கிட்டு நிக்கிறேன்.”

“அதையும் அடுத்த மாசம் எழுதுவோம் மாமா.”

“கல்யாணத்துக்கும் அடுத்த மாசம், மஹருக்கும் அடுத்த மாசம்! உங்க லெப்டொப் வாற வரைக்கும் என் மகள் காத்திருந்து கிழவியாகணுமா?”

ஷிஹாம் என்னவோ சொல்ல வாயெடுத்தான். பிறகு சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும் என்று நினைத்தபடி, பலீல் ஸலாம்கூடச் சொல்லாமல் வெளியேறினார்.

பல்லேபொல பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் மனம் ஆறவில்லை. பத்து மணித்தியாலம் விளையாடுகிறவன் எப்போது தொழுவான், எப்போது வியாபாரத்தைப் பார்ப்பான், கட்டினவளோடு எப்போது நாலு வார்த்தை பேசுவான்? ஒரே மகள். அது வேணும், இது வேணும் என்று வாய் திறந்து கேட்டறியாத பிள்ளை. கல்யாணம் இரண்டு தரம் தள்ளிப்போனபோதும், “பரவாயில்ல வாப்பா, ஆறுதலா நடக்கட்டும்” என்றுதான் சொன்னாள். அந்தப் பொறுமையை நினைக்க நினைக்க அவருக்குக் கண் கலங்கியது.

வீட்டுக்கு வந்ததும் குடையை மூலையில் எறிந்தார். “பீபி, இந்தச் சம்பந்தம் நமக்கு வேணாம்!”

மனைவி பீபி குசினியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள். நடந்ததைக் கேட்டதும் தலையில் கைவைத்துக்கொண்டாள். “ஊரெல்லாம் சொல்லியாச்சே! ரெண்டு தரம் தள்ளிப்போனதுக்கே ஆளுக்கொரு கதை கதைக்கிறாங்க. இப்ப முறிஞ்சா நம்ம புள்ளைய இனி யாரு கேட்டு வருவாங்க?”

“யாரும் வராட்டிப் போகட்டும். விளையாட்டுப் பைத்தியத்துக்கு என் புள்ளையக் கட்டிக்குடுக்க மாட்டேன்.”

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. தலைக்கு மேல் மின்விசிறி முனகிக்கொண்டே நின்றது. கொம்பியூட்டர் கோர்ஸ் என்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டிருந்த மகள் ஆதிபா, “ஐயோ, எல்லாம் போச்சு!” என்று உள்ளேயிருந்து அலறினாள்.

“கேட்டியா பீபி? நாம கதைச்சது புள்ளைக்குக் கேட்டிருச்சு. அதோட மனசு எப்பிடிப் பதறுது பாரு!”

இனி ஒரு நிமிஷமும் தாமதிக்கக்கூடாது என்று பலீல் போனை எடுத்தார். ஷிஹாமின் வாப்பாவுடைய இலக்கத்தைத் தேடினார். ஒருவழியாக அழுத்திக் காதில் வைத்தார்.

கதவு திறந்தது. கழுத்தில் தொங்கும் ஹெட்செட்டோடு ஆதிபா வந்து நின்றாள். கண்ணில் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை, முகம் மட்டும் கடுகடுவென்றிருந்தது.

“யாருக்கு வாப்பா கோல் எடுக்கிறீங்க?”

“அவரோட வாப்பாவுக்கு. ஒரு லெப்டொப்புக்காக ஒன்னக் காக்க வைக்கிறவர் நமக்குத் தேவையில்ல மகள். இன்னைக்கே முடிச்சிருவோம்.”

ஆதிபா அவர் கையிலிருந்து போனை வாங்கி, கோலை வெட்டினாள்.

“அது அவருக்கில்ல வாப்பா, நான் கேட்ட மஹர்.”