பேத்திக்குப் பிடிக்காத மீசை

"எங்கப்பாவைப் பார்த்து என் பொண்ணு வீல்னு கத்துறா. உனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷமாத்தான் இருக்கும்."

வீடியோ கால் முடிந்ததும் அவன் ஆரம்பித்தான். மனைவி குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள்.

கத்தாமல் என்ன செய்யும் குழந்தை? அப்பா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். அவரிடம் வண்டி பழக வந்தவர்கள் எதிரே வரும் லாரியைவிட அவர் மீசைக்குத்தான் அதிகம் பயந்தார்கள். தன் கல்யாணத்தின்போது மாமனார் வீட்டில் கெஞ்சிக் கூத்தாடியும் ஒரு முடி குறைக்காத மனுஷன். அப்பேர்ப்பட்ட மீசை போன் திரை முழுக்க வந்து நின்று "குட்டிம்மா" என்றால்?

"உங்கப்பாவைப் பார்த்தா மட்டும் பொக்கை வாயைத் திறந்து சிரிக்கிறாளே, அது எப்படி?"

"எங்கப்பாவுக்கு மீசை இல்லீங்க. அவ்வளவுதான். மாமா மீசைன்னா எனக்கே உதறும். இவ பாவம், பச்சைக் குழந்தை."

"அப்பாவும் அம்மாவும் அடுத்த மாசம் ஊர்லேர்ந்து வர்றாங்க. முதல் தடவையா பேத்தியைத் தூக்கப் போறார். அப்பவும் இவ இப்படிக் கத்தினா அந்த மனுஷன் உடைஞ்சு போயிடுவார். உனக்கென்ன வந்துச்சு."

"பழகிடுவா, விடுங்க."

அதற்கப்புறம் அப்பா போனில் முகம் காட்டுவதே இல்லை. கேட்டால் கேமரா ரிப்பேர் என்றார்.

"கேமராவும் இல்ல, கத்திரிக்காயும் இல்ல. கோவிச்சுக்கிட்டார். அவர் ரோஷம் எனக்குத் தெரியாதா?" என்று அவன் புலம்பினான். அவளோ துணி மடிப்பதிலேயே குறியாக இருந்தாள். அந்தச் சாவகாசம்தான் அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர்கள் வருகிற அன்றும் காலையிலேயே சண்டை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கிளம்பியவன், விமானம் சீக்கிரமே இறங்கிவிட்டதைக்கூட அவளுக்குச் சொல்லவில்லை.

விமான நிலைய வாசலில் அம்மா கையசைத்தாள். பக்கத்தில் பெட்டிகளோடு நின்றவரை யாரோ என்று நினைத்தான். கிட்டே போனால், அப்பா. மேலுதடு மொழுமொழுவென்று இருந்தது.

"என்னப்பா இது?"

"சும்மாதான்டா. அரிச்சுது."

"அரிக்கவும் இல்ல, ஒண்ணும் இல்ல," அம்மா போட்டு உடைத்தாள். "பேத்தி அழுதாளே, அன்னிக்கே சலூனுக்குப் போயிட்டார். தெரிஞ்சா நீ தடுப்பேன்னுதான் போன்ல மூஞ்சியே காட்டல."

அவன் பெட்டிகளை வாங்கி வண்டியில் ஏற்றினான். வண்டி ஓட்டும்போதே முடிவு பண்ணிவிட்டான். எங்கப்பாவைப் பார், உன்னையும் பார் என்று இன்றைக்கு அவளை நறுக்கென்று நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை.

வீட்டு மணியை அடித்தான். கதவு திறந்தது.

இடுப்பில் குழந்தையோடு நின்றாள் அவள். மூக்குக்குக் கீழே கன்னம் வரைக்கும், கண் மைப் பென்சிலால் வரைந்த முரட்டு மீசை. குழந்தை அதைத் தடவித் தடவிக் கெக்கலித்துக்கொண்டிருந்தது.

"ஐயோ மாமா..." அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "இவர் ஆபீஸ் போனதும் தினமும் இதான் வேலை. உங்களைப் பார்த்து அழக் கூடாதுன்னு பழக்கினேன். இவர்கிட்ட சொன்னா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாரு. இப்போ மீசையைக் கண்டாத்தான் அவளுக்குச் சிரிப்பே..."

அப்போதுதான் மாமனாரின் முகத்தைச் சரியாகப் பார்த்தாள்.

அவன் சேர்த்து வைத்திருந்த நாலு வார்த்தையும் எங்கே போனதென்று தெரியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு பெட்டியை உள்ளே இழுத்தான்.

அப்பா ஆசையாகக் கைகளை நீட்டினார். குழந்தை அவருடைய வெறும் உதட்டையே உற்றுப் பார்த்தது. அதன் வாய் மெல்லக் கோணத் தொடங்கியது.

அப்பா சட்டென்று மருமகள் பக்கம் முகத்தை நீட்டினார்.

"அந்தப் பென்சிலை எடும்மா. எனக்கும் ஒண்ணு வரைஞ்சு விடு."