குதிக்குதா, ஒட்டுதா?

தொலைபேசி அடித்தால் அந்த வானிலை அலுவலகத்தில் யாரும் வணக்கம் சொல்வதில்லை. "குதிக்குதா, ஒட்டுதா?" என்றுதான் கேட்பார்கள்.

கேள்வி மழையைப் பற்றியது. வர்ஜீனியாவின் மலைப்பக்கத்தில் குளிர்கால மழை இரண்டு வேஷம் போடும். தரையை ஒட்டிய குளிர்க்காற்று கனமாக இருந்தால், துளி வரும் வழியிலேயே உறைந்து ஜவ்வரிசி மாதிரி விழுந்து குதிக்கும். பெருக்கித் தள்ளிவிடலாம்.

குளிர்க்காற்று மெலிந்திருந்தால் தண்ணீராகவே வந்து, பட்ட இடத்தில் உறைந்து ஒட்டிக்கொள்ளும். கிளையும் கம்பியும் கம்பமும் பாரம் தாங்காமல் சாயும்.

இன்று ஒட்டும் என்று சொல்லியிருந்தாள், அங்கே வானிலை கணிக்கும் லோரீன்.

காலையில் வானொலியில் அவள் குரலில்தான் எச்சரிக்கை போனது. பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். கடைகளில் ரொட்டியும் பாலும் காலி. வானிலை எச்சரிக்கை என்று காதில் விழுந்தாலே அந்த மலைக்காரர்களுக்கு ரொட்டியும் பாலும் வாங்கியாக வேண்டும். அதற்குக் காரணம் கேட்டால் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது.

போன ஜனவரியிலும் இப்படித்தான் சொன்னாள். ஒன்றும் ஒட்டவில்லை. அடுத்த ஞாயிறு தேவாலயத்தில் பாஸ்டர் பிரசங்கத்துக்கு முன்னால், இன்று வெயில் என்று லோரீன் சொன்னாளாமே, எல்லோரும் குடை கொண்டுவந்தீர்களா என்று கேட்டார். சபையே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

மேலதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. இன்னொரு தடவை இப்படி ஆனால் வானொலியில் வேறு ஆள்தான் பேச வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார்.

அதனால் இன்று அவளைவிட அதிகமாகப் பதறிக்கொண்டிருந்தவன் ஹாயிட். கடற்கரைப் பக்கத்திலிருந்து மாற்றலாகிப் புதிதாக வந்தவன். ஊர் மக்களைவிட ஊர்களின் பெயர்தான் அவனுக்கு அதிகம் தெரியும்.

மதியம் மழை தொடங்கியது. அவரவர் ஊரில் என்ன விழுகிறது என்று பார்த்துச் சொல்லும் ஆட்கள் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

தெற்கே டட்டனிலிருந்து மருந்துக்கடைக்காரர். ஒட்டுகிறது என்றார். ஹாயிட் வரைபடத்தில் சிவப்பு ஊசி குத்தி, கணக்கு சரிதான் மேடம் என்று முகம் மலர்ந்தான்.

லோரீன் முகம் மலரவில்லை. "லாரல் மேட்டுல இருந்து கூப்பிட்டாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்து ஹார்மன் பள்ளத்திலிருந்து ஒரு பால்பண்ணைக்காரி. குதிக்கிறதாம். நீல ஊசி. அதற்கடுத்ததும் நீலம். பிறகு டட்டன்காரரே மறுபடி கூப்பிட்டு, இங்கேயும் குதிக்க ஆரம்பித்துவிட்டது என்றார்.

ஹாயிட் டட்டனின் சிவப்பு ஊசியைப் பிடுங்கிவிட்டு நீலத்தைக் குத்தினான். பாக்கி லாரல் மேடு ஒன்றுதான். அங்கே ஒட்டினாலாவது பாதி மானம் மிஞ்சும்.

லோரீன் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தாள். குதிக்கும் மழைக்குச் சத்தம் உண்டு. ஒட்டும் மழை சத்தமில்லாமல் வேலையைப் பார்க்கும். அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

அவளைப் பார்க்கச் சங்கடப்பட்டு ஹாயிட் சுவரைப் பார்த்தான். அங்கே ஒரு பாராட்டுப் பலகை. சில வருஷங்களுக்கு முன் வந்த பெரிய உறைமழையைக் கொஞ்சமும் பிசகாமல் முன்கூட்டியே சொன்னதற்காக லோரீனுக்குக் கொடுத்தது. யாரோ விவரம் கெட்டவர்கள் அதன்மேல் காலண்டரை மாட்டிப் பாதியை மறைத்திருந்தார்கள். இவ்வளவு கெட்டிக்காரிக்கு இப்படி ஒரு நாளா என்று அவனுக்குப் பாவமாக இருந்தது.

தொலைபேசி அடித்தது. எல்லோருக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியைப் போட்டான். ஓர் ஆண்குரல். பின்னால் லாரி உறுமிக்கொண்டிருந்தது.

"லாரல் மேடு. நல்லாவே குதிக்குது, ஹெல்மெட்டுல பொரி பொரியுற மாதிரி சத்தம். லோரீன் பக்கத்துல இருக்காளா? இந்தத் தடவையும் கோட்டை விட்டுட்டாள்னு சொல்லுங்க."

ஹாயிட்டுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தவன், லோரீனைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஆண்டவரே உமக்குக் கோடி நன்றி என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். பேசியது அவள் கணவர் டெல்மர். லைன்மேன். அந்தப் பெரிய உறைமழையில் பனி கட்டிய மின்கம்பம் முறிந்து, ஏறியிருந்தவரோடு கீழே வந்தது. பிழைத்ததே பெரிது. இன்றைக்குத்தான் மறுபடி வேலைக்குப் போயிருக்கிறார். காலையில் அவரை லாரியில் ஏற்றிவிட்டு வந்து, கணக்கு என்ன சொன்னதோ அதை ஒரு சொல் குறைக்காமல் வானொலியில் வாசித்திருக்கிறாள்.

பலகைமேல் காலண்டரை மாட்டியது யார் என்று ஹாயிட் இனிக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

என் கணிப்பு தப்பு என்று அவளே வானொலியில் சொன்னாள். இவ்வளவு சந்தோஷமாக யாரும் தப்பை ஒத்துக்கொண்டு அவன் கேட்டதில்லை.

சொல்லி முடிப்பதற்குள் வெர்லி கிழவி கூப்பிட்டுவிட்டாள். கணிப்பு பிசகும்போதெல்லாம் திட்டுவதற்கென்றே கூப்பிடுகிறவள்.

"ஏம்மா லோரீன், உன் பேச்சைக் கேட்டு நாலு ரொட்டி வாங்கி வெச்சிருக்கேன். இதை யாரு தின்னுறதாம்?"

"ரெண்டை எனக்குக் குடுங்க வெர்லி அம்மா. ராத்திரி சாப்பாட்டுக்கு டெல்மர் வீட்டுக்கு வந்துடறார்."

மறுமுனையில் ரொட்டிப் பை சரசரக்கும் சத்தம் கேட்டது.

"நாலையும் எடுத்துக்கோ," என்றாள் கிழவி.